முன்வரிசைச் சிலிண்டர்கள்

லிஃப்ட் ஓட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிற புத்திசாலிகள் ஊரில் நிறைய உண்டு. பொத்தானை அமுக்கினால் தானாக மேலே போகிறது, அதற்கொரு ஆளா, ஆளுக்கொரு ஸ்டூலா என்பார்கள். பாண்டுரங்கன் இதற்கு எந்தக் காலத்திலும் பதில் சொன்னதில்லை. சிரிப்பார். மனுஷருக்கு அந்தச் சிரிப்பு ஒன்றுதான் கைமுதல். அடையாறு புன்னைவனம் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் பெரிய டாக்டர் ஏறினாலும் அதே சிரிப்பு, துடைப்பமும் வாளியுமாக ஆயா ஏறினாலும் அதே சிரிப்பு. வெள்ளைத் துணி போர்த்திய ஸ்ட்ரெச்சர் ஏறினால் மட்டும் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார்.

மேற்கு மாம்பலத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்து, மீசை முளைத்ததும் ரயில் பாதையைத் தாண்டி தி.நகர் புன்னைவனம் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கேயும் லிஃப்ட்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கடையை வைத்த அண்ணாச்சி, காசு சேர்ந்த பிறகு பெயருக்கும் புண்ணியத்துக்குமாக ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். “ஏ பாண்டு, அங்கயும் ஒரு லிப்டு இருக்கு, நீயே வந்துரு” என்றார். வந்துவிட்டார். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களை ஏற்றி இறக்கியவர், கஞ்சிக் கூஜாவோடு வருகிறவர்களை ஏற்றி இறக்கத் தொடங்கினார். மற்றபடி பெட்டி அதே பெட்டிதான்.

அண்ணாச்சி காலமான பின் எல்லாம் மகன் பாலகணேஷ் கைக்கு வந்தது. வெளிநாட்டில் படித்தவர், கோட்டு போட்டவர், இங்கிலீஷில் கோபப்படுகிறவர். ஆனால் உள்ளே இருந்தது அப்பனின் கடைதான். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளி நெருங்கியும் லோடு வந்து சேரவில்லை என்றால் ஷெல்ஃபைக் காலியாக விடமாட்டார்கள். முன்வரிசையில் நிஜப் புடவைப் பெட்டி, அதற்குப் பின்னால் முழுக்க வெறும் அட்டைப்பெட்டி. ‘வாசல்ல சரக்கு நிக்கணும்’ என்பது அண்ணாச்சியின் வேதவாக்கு. துணிக்கு இதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால் கோடவுனுக்கு ஆளை ஓட்டி எடுத்து வரச் சொல்லலாம். மூச்சுக்கு எந்தக் கோடவுனுக்கு ஓடுவது? அதை மகனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பாண்டுரங்கனும் சொல்லவில்லை.

அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் சரண்யா. ஒரே மகள். அந்த ஆஸ்பத்திரிக்கே சொந்தமான நர்சிங் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சீட்டு முதலாளி போட்டுக் கொடுத்தது. படிப்பு முடிந்ததும் வேலையும் இங்கேயே என்று சொல்லியிருந்தார், வாய்வார்த்தையாக. வாயால் கொடுத்ததை வாயாலேயே எடுத்துவிடலாம் என்பது பாண்டுரங்கனுக்குத் தெரியாதா என்ன? மகள் நர்சாகிவிட்டால் அவள் வாழ்க்கை இந்தப் பெட்டிக்கு வெளியே போய்விடும். அது வரைக்கும் வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று இருந்தார்.

கொரோனா மறுபடி எட்டிப் பார்க்கிறது என்று டிவியில் சொல்லத் தொடங்கியது ஒரு பங்குனி வெயிலில். திடீரென்று நோயாளிகள் குவிந்தால் சமாளிக்க முடியுமா என்று எல்லா ஆஸ்பத்திரியும் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும், பார்க்க மேலிடத்திலிருந்து குழு வரும் என்று உத்தரவு வந்தது. பாலகணேஷ் மூன்றாவது மாடியைக் காலி செய்து தனி வார்டாக்கினார். கட்டில் வந்தது, புது ஏசி வந்தது, சிலிண்டர் வந்தது. எல்லாம் பாண்டுரங்கனின் லிஃப்ட்டில்தான் மேலே போயிற்று. ஏற்றிக்கொண்டு வந்தவன் ராபர்ட். ஆஸ்பத்திரியில் குழாய் ஒழுகினாலும் கூப்பிடு ராபர்ட்டை, ஃபேன் நின்றாலும் கூப்பிடு ராபர்ட்டை.

“இன்னா ராபர்ட்டு, இத்தினி சிலிண்டரு? அல்லாம் ரொம்பி கீதா?”

“முன்னாடி வரிசைதான் ஃபுல்லு. பின்னாடி நிக்க வெக்கிறது எல்லாம் சும்மா, காலி. ரொப்பிக் குடுக்க லேட்டாவும்னு கம்பெனிக்காரன் சொல்ட்டான். முதலாளி, வாசல்ல சரக்கு நின்னா போதும்ன்ட்டாரு.”

“நெஜமாவே எவனாச்சும் மூச்சுக்குத் திண்டாடிக்கினு வந்துட்டா?”

“வந்தா பாத்துக்கலாம். நீ லிஃப்ட்ட ஓட்டு பாண்டு.”

ஓட்டினார்.

ஒத்திகை என்றால் நோயாளி வேண்டுமே! அதற்குப் புஷ்பத்தைப் பிடித்தார்கள். புஷ்பம் அங்கே ஆயா. வீடு கோடம்பாக்கம். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் சினிமாவில் கும்பலோடு கும்பலாக நின்றவர். ஊர்வலத்தில் நடந்திருக்கிறார், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறார், கொள்ளைநோயில் செத்துக்கூட இருக்கிறார். ஒரு வரி வசனம் மட்டும் எவனும் கொடுக்கவில்லை. இப்போதுதான் கொடுத்தார்கள்: ‘ஐயோ, மூச்சு முட்டுதே! காப்பாத்துங்க டாக்டர்!’ புஷ்பம் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் எல்லாரும், அடேயப்பா, அசல் நோயாளி தோற்றாள் என்றார்கள்.

அவருக்கு அசலாகவே இழுப்பு உண்டு என்பது பாண்டுரங்கனுக்கு மட்டும் தெரியும். மழைக்காலத்தில் ஒரு தடவை லிஃப்ட் ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த பம்ப்பை எடுத்து வாயில் அடித்துக்கொண்டு, “நைனா, ஆருக்கும் சொல்லிடாத. தெரிஞ்சா இன்னொருத்திய வெச்சுப்பானுங்கோ” என்று கும்பிட்டிருக்கிறார். பாண்டுரங்கன் சொல்லவில்லை. யாருடைய ரகசியத்தையும் அவர் வெளியே சொன்னதில்லை. அதுதான் அவர் நல்ல குணம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒத்திகை நாள் காலையில் லிஃப்ட்டுக்கு அவசர அவசரமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கிருமி மாடிக்குப் போகாமலிருக்க மேலே இருந்த ஃபேன் துவாரத்தை பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்தாயிற்று. குழு வந்துவிட்டது என்றதும் ஒருவன் ஓடிவந்து உள்ளே மருந்துத் தண்ணீரைப் புகையாகத் தெளித்துவிட்டுப் போனான். பாண்டுரங்கனுக்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உறை மாட்டிவிட்டார்கள். ராபர்ட் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினான். அதில் நோயாளி கவுன் போட்டுக்கொண்டு புஷ்பம், முகத்தில் மாஸ்க், பக்கத்தில் ஒரு சிலிண்டர். எந்தச் சிலிண்டர்? பின்வரிசைச் சிலிண்டர்தான். நடிப்புக்கு நல்ல சரக்கை எதற்கு வீணாக்குவது? பாண்டுரங்கன் அதைப் பார்த்தார், புரிந்துகொண்டார், வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ராபர்ட் படியேறி மேலே ஓடினான். கதவு சாத்திக்கொண்டது.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு போயிற்று.

நடந்தது இதுதான். குழுவுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மூன்றாவது மாடியில் அத்தனை ஏசியையும் ஒரே நேரத்தில் போட்டார்கள். கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் வந்தது. ஆனால் லிஃப்ட்டுக்குப் போகிற ஜெனரேட்டர் லைனை முந்தின நாள்தான் புது ஏசிக்கு மாற்றியிருந்தார்கள். மேலே ஜில்லென்று காற்று வந்தது. கீழே பெட்டிக்குள் வந்தது இருட்டும் பெயின்ட் நாற்றமும்தான். பாண்டுரங்கன் மணியை அமுக்கினார். மணி நன்றாகவே அடித்தது.

மேலே குழுவின் தலைவி டாக்டர் கமர் ஜஹான், “என்ன ஆச்சு?” என்று கேட்டது கதவிடுக்கு வழியாகக் காதில் விழுந்தது. பாலகணேஷ் கொஞ்சமும் அசரவில்லை. எவ்வளவு சமர்த்தான ஆள்! “இதுவும் ஒத்திகையில ஒரு பகுதி மேடம். லிஃப்ட் நின்னா எப்படிச் சமாளிக்கிறோம்னு நீங்க பார்க்கணும்ல” என்றார்.

“அக்கா, லிஃப்ட்டு நெஜமாவே நின்னுபோச்சு” என்றார் பாண்டுரங்கன்.

“நின்னா நிக்கட்டும் நைனா. மேல கேக்குதில்ல, அது போதும்” என்ற புஷ்பம் மாஸ்க்கை விலக்கிவிட்டு, “ஐயோ, மூச்சு முட்டுதே! காப்பாத்துங்க டாக்டர்!” என்று ஒரு போடு போட்டார். மேலே கைதட்டினார்கள். அக்கா இருட்டிலேயே சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. பெயின்ட் நெடியும் மருந்துப் புகையும் வெளியே போக வழியில்லாமல் அவர் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தன.

“பம்ப்பு எங்கக்கா?”

“லாக்கர்ல... பொடவையோட...”

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மூச்சு விசில் அடித்தது. பாண்டுரங்கன் மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து அமுக்கிச் சிலிண்டர் திருகை முழுக்கத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் திருப்பித் திருப்பித் திருகினார். கதவைப் பிளக்கப் பார்த்தார். விரல் வழுக்கிற்று, கதவு அசையவில்லை.

“ராபர்ட்டு! கதவத் தொறடா! அக்காவுக்கு மூச்சு வுட முடியல!”

“சூப்பர் பாண்டு! கலக்குற!” என்றான் ராபர்ட் மேலேயிருந்து.

“டேய், நெஜம்டா! சத்தியமா சொல்றேன், நெஜமாவே முடியலடா!”

மேலே சிரித்தார்கள். “பாருங்க, லிஃப்ட்டுக்காரரும் நடிகராயிட்டாரு” என்று யாரோ சொல்ல, செல்போனில் படம் பிடிக்கிறவன், “கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணே” என்றான். பாண்டுரங்கனுக்கு அழுகை வந்துவிட்டது. நெஜம் என்று சொன்னாலும் நடிப்பு, ஐயோ என்றாலும் நடிப்பு, சத்தியம் பண்ணினாலும் நடிப்பு! ஒத்திகையில் சொல்லக்கூடியதை எல்லாம் சொல்லியாயிற்று. இனி ஒத்திகையில் எவனுமே சொல்ல முடியாத ஒன்றைத்தான் சொல்லியாக வேண்டும். அது என்ன என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சரண்யாவின் முகம் முன்னால் வந்து நின்றது. புஷ்பத்தின் நகம் அவர் மணிக்கட்டில் பதிந்தது.

“டேய் பாலகணேஷு!”

மேலே சிரிப்பு பட்டென்று நின்றது.

“டேய் சோமாரி! காது அவிஞ்சு பூட்சாடா? ஒரு பொம்பள இங்க சாவுறாடா! இந்த சிலிண்டர்ல ஒண்ணியும் இல்லடா! மேல அடுக்கி வெச்சுகினு பீத்திக்கினு கீறியே, பின்னாடி கீறது அல்லாம் காலிடா! உங்கொப்பன் துணிக்கடைப் பொட்டியாடா இது? பேமானி!”

இத்தனை வருஷம் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த ஒரு மூச்சில் செலவாகிவிட்டது. பிறகு அந்த டாக்டரம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. “இது நடிப்பு இல்ல. கதவைத் திறங்க. உடனே!”

ராபர்ட் மொட்டைமாடிக்கு ஓடி, மிஷின் ரூமில் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை இரண்டாவது மாடிக்கு இறக்கினான். நாலைந்து பேர் புஷ்பத்தைத் தூக்கிக்கொண்டு கீழே எமர்ஜென்சிக்கு ஓடினார்கள். அங்கே நிஜ ஆக்சிஜன் இருந்தது, மருந்தும் இருந்தது. அக்காவின் உதட்டில் நிறம் திரும்புவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் பாண்டுரங்கன் வெள்ளை உறையைக் கழற்றினார். உள்சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. பாலகணேஷ். கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டிருந்தார்.

“பதட்டத்துல ஏதோ பேசிட்டாரு மேடம்” என்றார், பக்கத்தில் நின்ற கமர் ஜஹானைப் பார்த்து. “பாண்டு எங்கப்பா காலத்து மனுஷர். எங்க வீட்டுப் பிள்ளைதான். இவர் பொண்ணு நம்ம காலேஜ்லதான் நர்சிங் கடைசி வருஷம். நல்ல பொண்ணு. இங்கயே வேலை போடணும்னு நானே நினைச்சிட்டிருக்கேன். இல்ல பாண்டு?”

இந்த ஆஸ்பத்திரியில் முதலாளி வாயிலிருந்து அவருக்கு ‘இவர்’ பட்டம் கிடைத்தது அன்றைக்குத்தான். கை தோளைவிட்டு எடுபடவில்லை.

கமர் ஜஹான் பாண்டுரங்கனை மட்டும் பார்த்தார். “மேல வாங்க. அவங்க ஒரு சிலிண்டரைக் காட்டினா நான் நம்ப மாட்டேன். நீங்க காட்டுங்க. எதைத் திறந்து பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க. அதை வச்சுத்தான் எழுதுவேன்.”

படியேறினார்கள். வார்டு ஜில்லென்று இருந்தது. கட்டிலெல்லாம் புதுத் துணி. சுவரோரம் சிலிண்டர்கள் வரிசை வரிசையாக நின்றன. பின்வரிசைக்குக் கையை நீட்டினால் போதும். பாண்டுரங்கன் கையை நீட்டவும் செய்தார். பாலகணேஷ் வாசலில் நின்று யாரிடமோ, “சரண்யான்னு பேரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார், சாதாரணமாகத்தான். நீட்டிய கை பாதியில் தாழ்ந்து முன்வரிசைச் சிலிண்டர் மேல் விழுந்தது.

“இத தொறந்து பாருங்க மேடம்.”

திறந்தார்கள். புஸ்ஸென்று காற்று வந்தது.

“அப்ப, லிஃப்ட்டுல சொன்னது?”

“அது ஒண்ணுதான் மேடம் காலி. பயத்துல வாய்க்கு வந்ததக் கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கவில்லை. “சரி, உங்க வார்த்தையை நம்பறேன்” என்று எழுதிக்கொண்டு, லிஃப்ட் விஷயத்துக்காகப் பாலகணேஷை நன்றாகத் திட்டிவிட்டு, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பாண்டுரங்கன் புஷ்பத்தைப் பார்க்கப் போனார். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “முதலாளிய சோமாரின்னியாமே! நா செத்துட்டிருந்தாலும் அதக் கேட்டு எய்ந்திருப்பேன்” என்று சிரித்தார். அப்புறம் குரலை இறக்கி, “அந்தம்மா கேட்டாங்களாமே. பின்னாடி கீறதக் காமிச்சியா?” என்றார்.

“இல்லக்கா. முன்னாடி வரிசைய காமிச்சேன்.”

புஷ்பம் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். “வுடு. உனுக்குப் பொண்ணு கீது. எனுக்கு வேல வோணும்” என்றார். பாண்டுரங்கனுக்குக் கன்னத்தில் இரண்டு அறை வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா திட்டவே இல்லை.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. பரீட்சை முடிந்த கையோடு சரண்யாவுக்கு வேலை போட்டுக் கொடுத்தார். ஒத்திகையில் நல்ல பெயர் வாங்கின அந்த மூன்றாவது மாடியிலேயே போட்டார். மகள் வெள்ளைச் சீருடையில் வந்து நின்றபோது பாண்டுரங்கன் அவள் முகத்தைப் பார்க்காமல், “மேல சிலிண்டர் அல்லாம் ரொப்பிட்டாங்களாம்மா?” என்று கேட்டார். “அது அப்பவே ஃபுல்தானப்பா” என்றாள். ராபர்ட்டைக் கேட்டார். அவன் உதட்டைப் பிதுக்கினான். முதலாளியைக் கேட்கலாம் என்று தினமும் நினைத்தார். முதலாளி தினமும் லிஃப்ட்டில் ஏறினார், இறங்கினார்.

அப்படி ஒரு நாள் மத்தியானம், நினைத்துக்கொண்டே இருந்தவர் முன்னால் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. அதில் ஓர் ஆள், நெஞ்சு மேலும் கீழும் தூக்கிப் போட, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். கொரோனாவாம். தலைமாட்டில் சரண்யா.

“மூணாவது மாடிப்பா, சீக்கிரம்!” என்றவள் குனிந்து அந்த ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதீங்க சார். மேல ஆக்சிஜன் நிறைய இருக்கு. கவர்மென்ட்டு டாக்டர் வந்தப்ப எங்கப்பாதான் கூட நின்னு திறந்து காட்டினாரு.”

அந்த ஆள் கண்ணைத் திருப்பிப் பாண்டுரங்கனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாண்டுரங்கன் மூன்றை அமுக்கினார். முதல் மாடி போயிற்று. இரண்டாவது மாடி போயிற்று. “சரண்யா” என்றார்.

“இன்னாப்பா?”

“முன்னாடி வரிசைலேர்ந்து எடும்மா.”

“ஏம்பா? பின்னாடி இருக்கிறதுக்கு என்ன?”

லிஃப்ட் நின்றுவிட்டது. பாண்டுரங்கன் கதவைத் திறந்துவிட்டார்.